சீனி கலந்த கருப்பட்டியும் தசமபாகமும்

கிறிஸ்தவ வாழ்க்கையில் நற்குணத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். 35 வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்வது இது.

அண்ணாச்சி, விசுவாசத்தினாலேதானே இரட்சிப்பு? அப்புறம் குணம் எதற்கு? (பாளையங்கோட்டை)

எபேசியர் 2:8, 9 நம் எல்லாருக்கும் மனப்பாடம். பத்தாம் வசனத்துக்கு வந்தால் குரல் இறங்கிவிடும். நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கேதான் இருக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

கருப்பட்டி யாவாரம் செய்கிறேன். சீனி கலக்காவிட்டால் கட்டுபடியாகாது. தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சபைக்குச் சரியாகக் கொடுத்துவிடுகிறேன். இதில் என்ன தப்பு? (உடன்குடி பக்கம்)

தம்பி, மறைக்காமல் கேட்டீர்களே, அதற்காகவே உங்கள்மேல் எனக்கு மரியாதை. பதநீர் வருஷத்தில் சில மாதம்தான், பனையேற ஆளில்லை, விறகு விலை வேறு. கஷ்டம் தெரியும்.

எங்கள் அம்மா கடையில் கருப்பட்டியை உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவாள். உடைந்த இடம் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்கினால் சீனி கலந்தது என்று கணக்கு, ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்துவிட்டு வருவாள். அப்படி ஒரு கடைக்காரர் எங்கள் சபையில் முன்வரிசைக்காரர். அவர் ஜெபம்பண்ணும்போது மட்டும் அம்மா கண்ணை மூடமாட்டாள். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைக் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. மத்தேயு 23:23-இல் இயேசு கண்டித்ததும் சீரகத்தில்கூட தசமபாகம் கொடுத்தவர்களைத்தான். நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்களே என்று.

ஒன்று செய்யுங்கள். கலந்ததைத் தனியே அடுக்கி, 'சீனி சேர்ந்தது' என்று அட்டையில் எழுதி, அதற்குரிய விலைக்குக் கொடுங்கள். சுத்தமானதைச் சுத்தமானதின் விலைக்குக் கொடுங்கள். ஆரம்பத்தில் யாவாரம் படுக்கத்தான் செய்யும். இதுவரை உங்களிடம் நம்பி வாங்கிய சில்லறைக் கடைக்காரர்களிடமும் போய் உண்மையைச் சொல்லுங்கள். அதுதான் ரொம்பக் கஷ்டம். வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு அந்த இடத்தில்தான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

2 பேதுரு 1:5 விசுவாசத்தோடே 'தைரியத்தை'க் கூட்டச் சொல்கிறதே, நற்குணத்தை அல்லவே? (ஆலங்குளம்)

மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'அரெத்தே'. நற்பண்பு, சீர்மை என்று பொருள். அதே சொல்லைப் பிலிப்பியர் 4:8-இல் நம் வேதாகமம் 'புண்ணியம்' என்கிறது.

எங்க வீட்டுக்காரர் கோவிலில் உருகி ஜெபிப்பார். வீட்டில் வாயைத் திறந்தால் ஏச்சுதான். (வள்ளியூர்)

தங்கச்சி, 1 பேதுரு 3:7-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காதவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று இருக்கிறது. ஏச்சு அடியாக மாறினால், 'சகித்துக்கொள்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவியிடம்) சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்கள்.

என் கூட்டாளி வேறு சாதி. கோவில் அசன விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமாம், வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாதாம். பெரியவங்களை எதிர்க்கலாமா? (பிளஸ் டூ மாணவர், ஊர் பெயர் வேண்டாம் என்றார்)

தம்பி, படித்ததும் வெட்கப்பட்டேன். எங்கள் தலைமுறை துடைக்காமல் விட்ட அழுக்கு இது.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1910-இல் எடின்பர்க் மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று பேசினார். நீங்கள் செய்த தியாகம் பெரிது, ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் பேராயரானார் (பிஷப்). நம் மண்ணின் பிள்ளை என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர் அன்றைக்கு அவர்களிடம் கேட்டதைத்தான் இன்றைக்கு உன் கூட்டாளி உன் வீட்டு வாசலில் நின்று கேட்கிறான்.

அம்மாவிடம் சத்தம் போடாதே. முதலில் நீ அவன் வீட்டுக்குப் போய், அவங்க அம்மா போடுகிற சோற்றைச் சாப்பிட்டு வா. வந்து, சாப்பிட்டேன் என்று உன் அம்மாவிடம் மறைக்காமல் சொல். அவனை உன் வீட்டுக்குக் கூப்பிடும் நாளில் யாரும் அவன் முகம் சுண்டும்படி பேசிவிடக் கூடாது, அதனால் முன்கூட்டியே சொல்லி வை. அப்பா கோபப்பட்டால் எனக்கு ஒரு வார்த்தை எழுது. நானே வந்து பேசுகிறேன்.