மருந்துக்கு முன் நோயாளியைப் பாருங்கள்: செவிலியர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, மருந்தைக் கையில் எடுத்தபின் கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியே இருந்ததால், அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இதயத்துக்கான டிகாக்ஸின் மாத்திரை கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுக்க இதயத் துடிப்பை எண்ணச் சொல்கிறார்கள். மணிக்கட்டில் 15 நொடி பார்த்து நான்கால் பெருக்கினால் போதாதா? வார்டில் இருக்கும் வேலைப் பளுவில் இது நடக்கிற காரியமா?
— செவிலியர் மாணவி, தஞ்சாவூர்

பதில்: போதாது. டிகாக்ஸின் சாப்பிடுபவர்களில் பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பு இருக்கும். அவர்களுக்குத் துடிப்பு சில நொடிகள் விரைந்தும் சில நொடிகள் தயங்கியும் போவதால், எந்த 15 நொடியில் எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்து கணக்கு மாறிவிடும். இதயம் துடித்தும் அந்தத் துடிப்பு வலுவில்லாமல் மணிக்கட்டு வரை வந்து சேராமல் போவதும் உண்டு; அப்போது கையில் 56 என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுவீர்கள், நெஞ்சில் கேட்டால் 80க்கு மேல் இருக்கும். ஆகவே இடது பக்கம், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே இறங்கும் கோட்டில், ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவருக்குத் தெரிவித்து, கேஸ் ஷீட்டில் எண்ணிக்கையையும் நேரத்தையும் எழுத வேண்டும். வார்டில் எத்தனை பேர் இருந்தாலும் டிகாக்ஸின் பெறுபவர்கள் ஒருசிலரே இருப்பார்கள். அவர்களுக்கான சில நிமிடங்களை எப்படியும் ஒதுக்கியாக வேண்டும்.

நாடியோடு வேலை முடிந்துவிடவில்லை. இதே நோயாளிகளுக்கு நீர் பிரிவதற்காக ஃபுருசமைடும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். அது சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். இதயத் தசை செல்லில் பொட்டாசியம் வந்து சேரும் அதே இடத்துக்காகத்தான் டிகாக்ஸினும் போட்டியிடுகிறது என்பதால், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்போது நேற்று வரை சரியாக இருந்த அதே அளவு இன்று நஞ்சாகிவிடலாம். எனவே பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கியிருக்கிறதா, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரிப்போர்ட்டைப் பாருங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: “சாப்பாடு எப்படி இறங்குகிறது?” பசியின்மையும் குமட்டலும் டிகாக்ஸின் அதிகமானதற்கான முதல் அடையாளங்களாக இருக்கலாம். வயதானவர் சாப்பிட மறுத்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எல்லோரும் எளிதாக விட்டுவிடுகிறோம். பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவோ விளக்கைச் சுற்றி வளையமாகவோ தெரிகிறது என்று அவர் சொன்னால், அதைக் கண் கோளாறு என்று தள்ளிவைக்கக் கூடாது.

கேள்வி: கர்ப்பகால வலிப்புக்கு மேக்னீசியம் சல்ஃபேட் போடும்போது ஒவ்வொரு தவணைக்கு முன்பும் முழங்காலைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தாலும் இது தேவையா?
— ஸ்டாஃப் நர்ஸ், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மிகவும் தேவை. மேக்னீசியம் சல்ஃபேட் வலிப்பைத் தடுப்பதற்குத்தானே தவிர, ரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கு அல்ல. அழுத்தத்துக்கு வேறு மருந்து கொடுக்கிறோம். ஆகவே பி.பி. அளவை வைத்து உடலில் மேக்னீசியம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணிக்கவே முடியாது. அதைக் காட்டுவது முழங்கால்தான். ரத்தத்தில் மேக்னீசியம் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லி ஈக்விவலண்ட் இருக்கும்போது வலிப்பு தடுக்கப்படுகிறது. 10ஐ நெருங்கும்போது முழங்கால் அனிச்சை, அதாவது தட்டியதும் கால் தானாக உதைப்பது, மறைகிறது. அதற்கும் மேலே போனால் மூச்சு நின்றுவிடும். மூச்சு நிற்பதற்கு முன்னால் முழங்கால் நமக்கு எச்சரிக்கை தருகிறது என்பதாலேயே, மேக்னீசியம் அளவை ஆய்வகத்தில் பார்க்க வசதியில்லாத இடத்திலும் இந்த மருந்தைத் துணிந்து கொடுக்க முடிகிறது.

தாயைப் படுக்க வைத்து, உங்கள் கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்து லேசாக மடக்கி, கால் தளர்ந்திருக்கும்போது சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில் தட்டுங்கள். அவர் காலை இறுக்கிக்கொண்டிருந்தால் அசைவு தெரியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே தட்டுவது நல்லது. முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தால் முழங்காலை நம்ப முடியாது என்பதால் முழங்கையின் முன்பக்கத் தசைநாணில் தட்டிப் பார்க்க வேண்டும். இத்துடன் மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமலும், கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் சராசரியாக மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மேக்னீசியம் வெளியேறும் வழி சிறுநீரகம் மட்டுமே. சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை யாரோ அளக்காமல் காலி செய்துவிட்டால் அடுத்த தவணையைப் பற்றிய முடிவே கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பதாகிவிடும். ஆகவே வார்டு உதவியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த தவணையைப் போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சு தளர்ந்தால் கையால் அழுத்தும் ஆம்பு பையால் (Ambu bag) மூச்சுக் கொடுத்துக்கொண்டே, 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை நரம்பில் மெதுவாகச் செலுத்துவார்கள். அந்த ஆம்பியூல் ஸ்டோர் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் தாயின் படுக்கைக்கு அருகிலேயே இருக்கட்டும்.

மருந்தை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் 50 சதவீத ஆம்பியூலில் 2 மில்லிக்கு 1 கிராம் இருக்கிறது. முதலில் நரம்பில் போடும் 4 கிராமுக்கு நான்கு ஆம்பியூல், அதாவது 8 மில்லி எடுத்து, அதனுடன் 12 மில்லி நார்மல் சலைனோ ஊசிக்கான சுத்த நீரோ சேர்த்து 20 மில்லியாக்கி, குறைந்தது 5 நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்த வேண்டும். பிட்டத்தில் போடும் 5 கிராம் மட்டுமே நீர்க்காத 50 சதவீதமாகப் போகிறது. அதே கரைசலை அப்படியே நரம்பில் செலுத்துவது ஆபத்து.

கேள்வி: ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது?
— செவிலியர், விருதுநகர்

பதில்: “லட்சுமி அம்மாதானே?” என்று கேட்டால் காது மந்தமானவரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் “ஆமா சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். “உங்கள் பெயர் என்னம்மா? வீட்டுக்காரர் பெயர், ஊர்?” என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், பிறகு கைப்பட்டையிலோ சீட்டிலோ உள்ள உள்நோயாளி எண்ணை மருந்து சார்ட்டுடன் ஒத்துப் பாருங்கள். படுக்கை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், படுக்கை மாறிக்கொண்டே இருக்கும். “இந்த மாத்திரை நேற்று வேறு நிறமாக இருந்ததே” என்று நோயாளி சொன்னால், சமாதானம் சொல்லி விழுங்க வைக்காமல் அங்கேயே நிறுத்தி, கம்பெனி மாறியிருக்கிறதா, மருந்தே மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின் வீட்டில் நானே போடுகிறேன். கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு இல்லை என்று ஆரஞ்சு மூடி சிரிஞ்சு கொடுத்தார்கள். பயன்படுத்தலாமா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் இன்சுலின் குப்பியின் லேபிளில் மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தால் கூடாது. சிவப்பு மூடி 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.2 மில்லி வரும். 40 யூனிட் குப்பியிலிருந்து எடுத்திருந்தால் அப்பாவுக்குப் போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை ஏறும், மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள். இதற்கு எதிர்மாறான தவறு இன்னும் கொடியது: 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும். பேனாவில் போடும் இன்சுலின் பொதுவாக 100 யூனிட் வகை என்பதால், பேனா பழுதாகிவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடாதீர்கள்.

ஊசியைப் போடும் முன் சர்க்கரையைப் பாருங்கள், காலை உணவு தயாராகிவிட்டதா என்றும் பாருங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இருந்து அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் முதலில் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அன்றைய இன்சுலினை மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். அப்பா இதயத்துக்காக மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக வரும் நடுக்கமும் படபடப்பும் அவருக்குத் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே விரல் நுனியில் குத்திப் பாருங்கள்.

கேள்வி: மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் உள்ளவருக்கு எல்லா மாத்திரைகளையும் பொடித்துக் கொடுக்கலாமா?
— வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரை. ஒரு நாள் முழுவதற்கான ரத்த அழுத்த மருந்தான நிஃபெடிப்பினைப் பொடித்து ஒரே தடவையில் டியூபில் விட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்துவிடும். மருத்துவரிடம் சொல்லி, டியூபில் கொடுக்கத் தகுந்த வடிவத்திலோ மாற்று மருந்தாகவோ எழுதி வாங்குங்கள். அப்படி மாறும்போது ஒரு வேளை மருந்து இரண்டு, மூன்று வேளையாகப் பிரியலாம் என்பதால், சார்ட்டில் நேரங்களையும் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.