டேலிக்கு வெளியிலிருந்து வரும் கோரிக்கைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பின்னலாடை மொத்த வியாபாரத்துக்கு இணையக் கடை ஒன்று தொடங்கியிருக்கிறோம். அங்கு வரும் ஆர்டர்கள் தாமாகவே அலுவலகத்தின் கணக்கு மென்பொருளான டேலியில் பதிவாக வேண்டும் என்பதற்காக, மென்பொருள் செய்து கொடுத்தவர் ரவுட்டரில் 9000 என்ற போர்ட்டை (கணினிக்குள் கோரிக்கைகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். வேலை தடையின்றி நடக்கிறது. ஆனால் இது பாதுகாப்பானதுதானா என்று எங்கள் ஆடிட்டர் கேட்கிறார். – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஆடிட்டரின் ஐயம் முற்றிலும் நியாயமானது. இதைப் படித்து முடித்தவுடன் ரவுட்டரில் அந்தத் திறப்பை மூடிவிடுங்கள். ஆர்டர்களை ஓரிரு நாள் கையால் பதிவு செய்ய நேர்ந்தாலும் பரவாயில்லை.

காரணத்தை நீங்களே பார்க்கலாம். டேலி ஓடும் கணினியில் பிரவுசரைத் திறந்து, லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியோடு 9000 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். டேலி பிரைம் சர்வர் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரே ஒரு வரி வரும். அந்த வரியைக் காட்டுவதற்கு முன் அது உங்களிடம் பெயரோ கடவுச்சொல்லோ கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கம்பெனிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல், திரையில் கம்பெனியைத் திறக்கும்போது கேட்கப்படுவது. கம்பெனி திறந்திருக்கும் நேரத்தில் இந்த வழியாக எக்ஸ்எம்எல் வடிவில் வரும் கோரிக்கை, லெட்ஜர் பட்டியலையும் கேட்டுப் பெறலாம், டே புக்கையும் கேட்டுப் பெறலாம், புதிய வவுச்சரையும் எழுதலாம். அலுவலகத்துக்குள் நம் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக அமைந்த வசதி இது. போகும் தகவலும் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி வழியாகவே போகிறது. இதை அப்படியே இணையத்தில் வைப்பது, கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் கடை வாசலில் வைப்பதற்கு ஒப்பாகும்.

'எங்கள் ஐபி முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?' என்று சிலர் கேட்பார்கள். இணையத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்து, எங்கே எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 9000 என்பதை வேறொரு எண்ணாக மாற்றினாலும் அவை கண்டுபிடித்துவிடும்.

சரியான வழி, போக்குவரத்தின் திசையை மாற்றுவதே. இணையக் கடை உங்கள் அலுவலகத்துக்குள் வரக்கூடாது. உங்கள் அலுவலகம் இணையக் கடையிடம் போக வேண்டும். டேலி இருக்கும் கணினியிலேயே ஒரு சிறிய இணைப்பு நிரல் ஓடட்டும். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை, மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் வழியாகக் கடையின் ஏபிஐக்குச் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான வாயில்) சென்று, இன்னும் பதிவாகாத ஆர்டர்களை எடுத்து வந்து, அதே கணினிக்குள் டேலியிடம் ஒப்படைக்கட்டும். இந்த ஏற்பாட்டில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு போர்ட்டைக்கூடத் திறக்கத் தேவையில்லை. அந்த நிரலுக்குக் கடையின் பக்கம் தரப்படும் சாவி (நுழைவுக்கான ரகசியக் குறியீடு), ஆர்டர்களைப் படிக்கவும் 'பதிவாகிவிட்டது' என்று குறிக்கவும் மட்டுமே அனுமதி உள்ளதாக இருக்கட்டும். கடை நிர்வாகியின் சாவியையே கொடுத்துவிட வேண்டாம். விண்டோஸில் அது நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கில் ஓடட்டும். 9000 போர்ட்டுக்கு வேறு கணினிகளிலிருந்து கோரிக்கை வராதபடி விண்டோஸ் ஃபயர்வாலிலும் தடுத்துவிடுங்கள். அலுவலகத்தின் வேறு கணினிக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

மூடியாயிற்றா என்பதைச் சோதிக்க, கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டா வழியாக அலுவலகத்தின் வெளி ஐபி முகவரியையும் அந்த போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். முன்பு வந்த அந்த ஒரு வரி இப்போது வரக்கூடாது.

கேள்வி: இத்தகைய இணைப்பு ஒன்றைச் செய்து தந்தவர், ஒரு ஆர்டரை அனுப்பிக் காட்டி, வவுச்சர் விழுந்ததும் 'சோதனை முடிந்தது' என்று கூறிவிட்டார். கணக்காளராகிய நான் வேறு எவற்றைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்? – ஒரு வாசகர், கோவை

பதில்: சரியான ஆர்டர் சரியாகப் பதிவாகிறது என்பதை மட்டுமே அவர் காட்டியிருக்கிறார். தவறானது வரும்போது என்ன நடக்கிறது, மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்பவை இனிமேல்தான் தெரிய வேண்டும். என் கணிப்பில் சோதனையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதலில், நடப்புக் கணக்கில் சோதிக்க வேண்டாம். சோதனைக்கென்று தனிக் கம்பெனி ஒன்றை உருவாக்குங்கள். உரிமம் இல்லாத கணினியில், டேலியின் 'எஜுகேஷனல் மோட்' எனப்படும் கல்வி முறையில் சோதித்தால், மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் எழுத முடியும் என்பதை நினைவில் வையுங்கள். அது தெரியாமல் நிரலில் பிழை தேடிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு.

அடுத்து, இல்லாத லெட்ஜர் பெயரில் ஒரு ஆர்டரை அனுப்பச் சொல்லுங்கள். டேலி அதை ஏற்காது. ஆனால் கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் வந்துவிட்டதால், எச்டிடிபி அளவில் எல்லாம் நலமே என்பதுபோல் 200 என்ற குறியீடு வரக்கூடும். உண்மை நிலவரம் பதிலின் உள்ளே இருக்கிறது: எத்தனை உருவாயின, எத்தனை பிழையாயின, எந்த வரியில் என்ன குறை என்று அங்கே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் 200ஐ மட்டும் பார்த்து 'பதிவாகிவிட்டது' என்று குறித்துக்கொள்ளும் நிரல், ஆர்டர்களைச் சத்தமின்றித் தொலைத்துவிடும். மாத இறுதியில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியவரும்.

பிறகு, நிறுவனப் பெயருக்கு நடுவில் '&' குறி உள்ள ஒரு வாடிக்கையாளரின் ஆர்டரை அனுப்பிப் பாருங்கள். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு என்பதால், மாற்றி எழுதாமல் அனுப்பினால் முழுக் கோரிக்கையும் பழுதாகிவிடும். 'அன்ட் சன்ஸ்', 'அன்ட் கோ' என்று முடியும் பெயர்கள் நம் ஊர் லெட்ஜர்களில் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள். தமிழில் எழுதிய பெயர் ஒன்றையும் அனுப்பி, அது கேள்விக்குறிகளாக மாறாமல் வருகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. வவுச்சர் எழுதப்பட்டு, அதற்கான பதில் கடைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? ஆர்டர் இன்னும் பதிவாகவில்லை என்று எண்ணிக்கொண்டு நிரல் மறுபடியும் அனுப்பும். ஒரே விற்பனை இரண்டு முறை ஏறும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, மீண்டும் சொருகி, வவுச்சர்களை எண்ணிப் பாருங்கள். கடையின் ஆர்டர் எண்ணை வவுச்சரிலேயே பதிந்து, எழுதும் முன் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும்படி நிரல் அமைந்திருந்தால் இந்தச் சோதனையில் அது தேறும்.

இறுதியாக, சாவி இல்லாமலும், தவறான சாவியோடும், ரத்து செய்யப்பட்ட பழைய சாவியோடும் கடையின் ஏபிஐயை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று முறையும் மறுப்பு வர வேண்டும்.

கேள்வி: இ-இன்வாய்ஸ் (அரசின் தளத்தில் பதிவாகும் ஜிஎஸ்டி பில்) ஏபிஐயைச் சோதிக்கும்போது 2150 என்ற பிழை அடிக்கடி வருகிறது. தவிர, சோதனையில் ஓடியது உண்மையான தளத்தில் ஓட மறுக்கிறது. – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்டதால், இந்தக் கேள்வி பலருக்கும் உரியது.

2150 என்பது 'இந்த பில்லுக்கு ஏற்கெனவே ஐஆர்என் கொடுத்தாயிற்று' என்ற அறிவிப்பு. ஐஆர்என் என்பது ஒவ்வொரு பில்லுக்கும் அந்தத் தளம் தரும் தனி அடையாள எண். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்தே அந்த 64 எழுத்து ஐஆர்என் கணக்கிடப்படுவதால், அதே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் கிடைக்கும். முந்தைய கேள்வியில் கூறிய இரட்டைப் பதிவை அரசின் தளம் தானே தடுத்துக்கொள்கிறது என்று கொள்ளுங்கள். உங்கள் நிரல் இதைத் தோல்வியாகக் காட்டாமல், ஏற்கெனவே கிடைத்த ஐஆர்என்னை எடுத்துச் சேமிக்க வேண்டும். பில் எண்ணை மாற்றி மறுபடி அனுப்புவது கூடவே கூடாது. ஒரே சரக்குக்கு இரண்டு பில்கள் ஆகிவிடும், தளத்தில் ரத்து செய்வதற்கோ 24 மணி நேரமே அவகாசம்.

சாண்ட்பாக்ஸ் எனப்படும் சோதனைத் தளத்துக்கும் உண்மையான தளத்துக்கும் பயனர் பெயர், கடவுச்சொல், பொதுச்சாவி அனைத்தும் வெவ்வேறு. நேரடியாக ஏபிஐயை அணுகுபவராயின், பதிவு செய்த ஐபி முகவரியிலிருந்து அழைக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். நிரலரின் வீட்டு இணைப்பிலிருந்து அழைத்தால் மறுப்பே வரும். ஒவ்வொரு பில்லுக்கும் புதிய டோக்கன் (உள்நுழைந்ததும் தளம் தரும் தற்காலிக அனுமதிக் குறியீடு) கேட்காமல், கையிலிருப்பதைக் காலாவதியாகும் வரை பயன்படுத்துங்கள். காலாவதியான டோக்கனோடு வேண்டுமென்றே ஒருமுறை அழைத்து, நிரல் தானாகவே புதியதைப் பெறுகிறதா என்றும் பாருங்கள். வேலை முடிந்து நிரலர் விடைபெற்றதும் ஏபிஐ கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அதை வைத்திருப்பவர் உங்கள் பெயரில் பில் போட முடியும்.

கேள்வி: எங்கள் டீலர்கள் தங்கள் பில்களைப் பார்க்க ஒரு தளம் வைத்திருக்கிறோம். முகவரியின் கடைசியிலுள்ள எண்ணை மாற்றினால் வேறொருவரின் பில் தெரிவதாக ஒரு டீலர் கூறினார். எச்டிடிபிஎஸ் இருந்தும் இது எப்படி? – ஒரு வாசகர், சேலம்

பதில்: எச்டிடிபிஎஸ், தகவல் வழியில் களவு போகாமல் காக்கும், கேட்பவர் அதைக் கேட்க உரியவரா என்று அது பார்க்காது. அதைப் பார்க்க வேண்டியது உங்கள் சர்வர். ஏபிஐக்களுக்கான ஆபத்துகளை, மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வரிசைப்படுத்திய 2019, 2023 ஆகிய இரு பட்டியல்களிலும் முதலிடம் இந்தக் குறைக்கே. உள்ளே நுழைந்தவர் யார் என்று சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல், கேட்கப்படும் பில் அவருடையதுதானா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வர் பார்த்தாக வேண்டும். எண்ணை யூகிக்க முடியாத நீண்ட குறியீடாக மாற்றுவது இதற்கு ஈடாகாது.

இரண்டு சோதனை டீலர் கணக்குகளை உருவாக்குங்கள். முதலாமவராக நுழைந்து, இரண்டாமவரின் பில், ரசீது, நிலுவைப் பட்டியல் ஒவ்வொன்றையும் கேளுங்கள். திரையில் தெரியும் பக்கங்களோடு பிடிஎஃப் இறக்கும் இணைப்புகளையும் விட்டுவிடாதீர்கள். மென்பொருளில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை தானாகவே ஓடும்படி நிரலரிடம் கேட்டு வாங்குங்கள்.

இதற்கிடையே சர்வரின் பதிவேடுகளை (யார் எப்போது எதைக் கேட்டார் என்ற லாக்) அழித்துவிடாமல் எடுத்து வைத்து, வேறு யாரேனும் எண்களை வரிசையாக மாற்றிப் பார்த்திருக்கிறார்களா என்று ஆராயச் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, பதிவேடுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். தரவுக் கசிவு போன்றவற்றை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சொன்ன டீலருக்கு நன்றி கூறுங்கள். அவர் மீது கோபப்பட்டால் அடுத்த முறை எவரும் சொல்ல மாட்டார்கள்.