குளிப்பதற்காகவே பயணம் போகலாம் என்று சொல்லக்கூடிய இயற்கை நீர்நிலை உலகத்தில் எங்கே இருக்கிறது?

சமோவாவில் தோ சுவா, லாவோஸில் குவாங் சீ அருவி, ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் ஓடைகள் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அங்கெல்லாம் நான் போனதில்லை, படம் பார்த்ததோடு சரி. முங்கி எழுந்த இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் இருக்கும் செனோட்டேக்கள்.

நான், மனைவி, அம்மா மூன்று பேரும் போனோம். அம்மா இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு வயல் கிணற்றில் நீச்சல் பழகியவர். வயாதோலித் ஊருக்கு நடுவிலேயே இருக்கும் சாசி செனோட்டேயின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது கிணறுடா. இதுக்கா ரெண்டு ஃப்ளைட் மாறி வந்தோம்?" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்கள் கட்டிய பழைய நகரம் சிச்சென் இட்சா பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயருக்கே மாயா மொழியில் 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்றுதான் பொருள். 'சி' என்றால் வாய், 'சென்' என்றால் கிணறு. வடக்கு யுகடானில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். மண்ணில் இருக்கும் கரியமில வாயு கலந்து லேசாக அமிலமாகிவிட்ட அந்த நீர், ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாறையைக் கரைத்துக் குகையாக்குகிறது. குகையின் கூரை எங்கே இடிந்து விழுகிறதோ அங்கே ஒரு செனோட்டே. யாரும் வெட்டாத கிணறு. மாயா மக்களின் ஊர்கள் பலவும் இவற்றை ஒட்டித்தான் எழும்பின.

இன்னொரு விஷயம். ஏறக்குறைய 6.6 கோடி வருடங்களுக்கு முன் டைனோசர்களை ஒழித்த விண்கல் விழுந்தது இந்தப் பகுதியில்தான். வரைபடத்தில் செனோட்டேக்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால், புதைந்துபோன அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி அரைவட்டமாக வரும்.

எனக்குப் பிடித்தது, வயாதோலித்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கும் சமுலா. மேலே நின்றால் ஒன்றுமே தெரியாது; தரையில் ஒரு துவாரம், அவ்வளவுதான். குறுகலான படிக்கட்டில் குனிந்து இறங்க வேண்டும். பாதிப் படியிலேயே வெயில் போய்விடும், மூக்கில் ஈர மண் வாசனை ஏறும். கடைசித் திருப்பத்தில் திடீரென்று ஒரு மண்டபம் போல விரிகிறது. உச்சியில் அந்தத் துவாரம். அதன் வழியாக மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் கயிறு கயிறாகத் தொங்கி, தண்ணீரைத் தேடி வருகின்றன. நடுப்பகலில் அதே துவாரத்தில் வெளிச்சம் தூண் மாதிரி இறங்கும். அது படுகிற இடத்தில் மட்டும் தண்ணீர் நீலம், மற்ற இடமெல்லாம் கறுப்பு. காலை உள்ளே வைத்தால் பொடி மீன்கள் வந்து பாதத்தைக் கொறிக்கும். வருடம் முழுக்க 25 டிகிரியை ஒட்டியே இருக்கும் தண்ணீர், முதல் முங்கலில் மட்டும் ஜில்லென்று இருக்கும்.

இறங்குவதற்கு முன் ஷவரில் குளித்தாக வேண்டும். குளிக்கப் போவதற்கு முன் ஒரு குளியல்! சன்ஸ்கிரீன், கொசு மருந்து எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தீபகற்பம் குடிப்பது இதே நிலத்தடி நீரைத்தான், அதனால் இதைக் கெடுபிடி என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் மூவரையும் பார்த்த காவல்கார அம்மா, என் அம்மாவின் தலையைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னார். காலையில் வைத்த தேங்காய் எண்ணெய்! ஒரு முறை அலசி வந்தும் விடவில்லை. இரண்டாம் முறை ஷாம்பு போட்டுத்தான் அனுமதி.

சிச்சென் இட்சாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இக் கில் என்ற செனோட்டேதான் படங்களில் அதிகம் வருவது. தரையிலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே தண்ணீர், சுற்றிலும் கொடிகள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மதியம் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றால் ஆடி அமாவாசை ராமேஸ்வரம் தோற்றுப்போகும். திறந்தவுடன் போய்விடுங்கள். சிச்சென் இட்சாவுக்கு உள்ளேயே இருக்கும் புனித செனோட்டேயில் குளிக்க முடியாது. 1904-லிருந்து அதைத் தூர்வாரியபோது தங்கம், பச்சைக்கல் இவற்றோடு மனித எலும்புகளும் வந்தன. மழைக் கடவுளான சாக்குக்குக் கொடுத்த காணிக்கை. இதைக் கேட்டபின் அம்மா அதன் பக்கம் திரும்பவே இல்லை.

முக்குளிக்கத் தெரிந்தவர்கள் கடற்கரை ஊரான துலும் பக்கம் தோஸ் ஓகோஸ் என்ற செனோட்டேக்குப் போகலாம். அங்கே தண்ணீருக்கு அடியில் சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும். விழுது உருவாவது காற்றுள்ள குகையில்தான். அதாவது பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது அந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன, பிறகுதான் மூழ்கின. துலுமில் விலை எல்லாமே எகிறிக் கிடக்கிறது; முக்குளிக்கப் போகாதவர்கள் வயாதோலித்தில் தங்குவதே மேல். கையில் பெசோவாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், சின்ன இடங்களில் கார்டு எடுபடாது.

சமுலாவுக்கு எதிரிலேயே ஷ்கெகேன் என்று இன்னொரு செனோட்டே இருக்கிறது. நாங்கள் போனபோது லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பத்து வயசுலேர்ந்து நீந்துறேன், எனக்கா?" என்று அவர் தமிழில் கேட்க, அந்தப் பையன் ஸ்பானிஷில் மறுக்க, ஐந்து நிமிடம் நடந்தது. தோற்றுப்போய் மாட்டிக்கொண்டு இறங்கியவர், மல்லாந்து மிதந்தபடி கூரையைப் பார்த்துச் சொன்னார்: "சுரைக்குடுக்கைன்னா கழுத்தை இப்படி நெரிக்காது."