போர்ட் லூயிசில் ஒரு நாள்

கேள்வி: சென்னையிலிருந்து அம்மாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு மொரீஷியஸின் கியூர்பிப் நகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருகிறோம். தலைநகர் போர்ட் லூயிசுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதை விடக்கூடாது?

பதில்: ஆப்பிரவாசி காட் என்ற பழைய இறங்குதுறை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கியூர்பிப்பிலிருந்து மெட்ரோ இருக்கிறது, வார நாளாகப் பார்த்து வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் நாலரை லட்சம் பேர், அதில் நம் தமிழர்களும் எத்தனையோ பேர், கப்பலிலிருந்து இறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரிந்துபோன இடம் இது, 2006-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. அங்கே இருக்கும் கல்படிகளுக்கு முன்னால் பையனை நிறுத்தி நிதானமாகக் கதை சொல்லுங்கள். அதற்கும் நூறு வருடம் முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்கள் இந்த நகரத்தைக் கட்ட உழைத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் மொரீஷியஸ் தமிழர்களான நாங்கள் எல்லோருமே கூலிகளாக வந்தவர்கள் என்றுதான் உங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள்.

பசித்தால் சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் சூடான தால் பூரி. பையனுக்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு. புளூ பென்னி அருங்காட்சியகத்தில் மொரீஷியஸின் அரிய 1847-ஆம் ஆண்டு அசல் தபால்தலைகளுக்கு மணிக்கு ஒருமுறை சில நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள், மற்ற நேரம் நகல்தான், வாசலிலேயே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அம்மாவைக் கயிலாசம் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். சிட்டடெல் என்ற அடிலெய்டு கோட்டையையும் பார்ப்பதானால் மலை ஏற வேண்டும், முட்டி வலி இருந்தால் டாக்சி பிடியுங்கள்.