கொரோனா காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றியது ஏழைகளை இன்னும் பின்தள்ளியதா?

ஆம், பல விதத்தில் தள்ளியது. ஆனால் எல்லா மாற்றமும் கெட்டதில்லை.

எங்கள் திருகோணமலையையே எடுங்கள். 2020 மார்ச் 20 முதல் ஊரடங்கு, அப்புறம் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும் தடை. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், பயணம் இலவசமில்லையே! கொழும்புப் பக்கம் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மகரகமவுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். பஸ் ஓடாத நாட்களில் வசதியுள்ளவர் ஊரடங்கு பாஸ் எடுத்து வான் பிடித்துப் போய்விடுவார், மூதூரில் நாள்கூலிக்குப் போகிற பெண்ணோ "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விட்டுவிடுவார், கட்டி அதுவரை பொறுத்திருக்காது.

போனில் டொக்டரோடு கதைப்பதும் எல்லோருக்கும் ஒன்றில்லை. மார்பில் உள்ள கட்டியைக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அதோடு வீட்டில் இருக்கிற ஒரே போன் பிள்ளையின் ஸூம் வகுப்பில் இருந்தால் அந்தப் பெண் எங்கே போவார்?

பிரித்தானியாவில் மார்பு, கருப்பை வாய், குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற பரிசோதனைகள் 2020இல் மாதக்கணக்கில் தடைப்பட்டன. அங்கும் ஏழைப் பகுதிகளில் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முன்பே குறைவு.

நல்லது என்று நான் சொல்வது கதிர்ச் சிகிச்சையில் வந்த மாற்றம். ஆரம்பநிலை மார்புப் புற்றுநோய்க்கு 3 வாரத்தில் 15 முறை கொடுப்பதற்குப் பதிலாக ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று பிரித்தானிய ஆய்வொன்று 2020 ஏப்ரலில் காட்டியது, பல நாடுகளில் அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள். தூரத்திலிருந்து வருகிறவருக்கு இதில் அறை வாடகையும், துணைக்கு நிற்பவரின் கூலியும் மிச்சம்.