காதல் கதையை விடுங்கள்

அன்புள்ள சார்,

ஜப்பானிய இயக்குநர் கென்ஜி மிசோகுச்சியின் 'சான்ஷோ தி பெய்லிஃப்' பார்த்தேன். பெண்களின் துயரத்தை இவரளவு புரிந்துகொண்ட இயக்குநர் கிடையாது என்று தோன்றுகிறது. அடுத்து இவருடைய எந்தப் படத்தைப் பார்க்கலாம்? அம்மாவாக நடித்த கினுயோ தனகா அவருடைய காதலி என்கிறார்களே, உண்மையா?

— ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

காதல் கதையை விடுங்கள். அதைத் தேடிய நேரத்துக்கு, அந்த அம்மாள் ஆறு படங்களை இயக்கியவர் என்பதாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். நடிகை என்றதும் நமக்கு முதலில் கேட்கத் தோன்றுவது இதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் கோபம் வருகிறது.

தனகா பதினான்கு வயதில் நடிக்க வந்தவர். பெரும் புகழோடு இருந்த காலத்தில் படம் இயக்க ஆசைப்பட்டு, இயக்குநர் நருசேயிடம் உதவியாளராக நின்று தொழில் கற்றார். 1953இல் வந்த முதல் படத்துக்கு இயக்குநர் கினோஷிதா திரைக்கதை எழுதினார். இரண்டாவது படத்துக்கு இன்னொரு இயக்குநரான ஓசுவின் திரைக்கதை. நிக்காட்சு படநிறுவனத்துக்காக அதைத் தனகா இயக்கக் கூடாது என்று எதிர்த்தவர் யார் தெரியுமா? இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த மிசோகுச்சி. கடற்கரையில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி தனகாவைக் கூவவைத்து நம்மை அழவைத்த அதே மனிதர்தான்!

மிசோகுச்சியின் அக்கா, விருந்துகளில் ஆடிப்பாடி மகிழ்விக்கும் கெய்ஷாவாகிக் குடும்பத்தைத் தாங்கியவர். அந்தத் தியாகத்தில் வளர்ந்த தம்பிக்குத் தியாகம் செய்யும் பெண்ணைத் தெரியும். 'எனக்கு இது வேண்டும்' என்று எதிரே வந்து நிற்கும் பெண்ணைத் தெரியவில்லை. புரிந்துகொண்டார், புரிந்துகொண்டார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் புரிந்துகொண்டார் ஐயா.

தனகா 1955இல் எடுத்த ஒரு படம், மார்பகப் புற்றுநோயில் இறந்த கவிஞர் ஃபூமிகோ நகாஜோவின் கதை. அறுவை சிகிச்சைக்குப் பின் தோழி வீட்டில் குளிக்கும்போது, தன் உடம்பை அவள் தோழியிடம் மறைப்பதில்லை. தோழிதான் அதிர்ந்துபோகிறாள்.

என் பெரியம்மாவுக்கும் அதே நோய். வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. 'ஆபரேஷன்' என்பார்கள், அவ்வளவுதான். சித்திரை வெயிலிலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பாள். ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். அவள் திட்டவில்லை. துண்டால் மூடிக்கொண்டு, "சாப்ட்டியாடா?" என்றாள். அந்தப் படம் பார்த்த இரவுதான், அவளிடம் நாங்கள் யாரும் எதுவுமே கேட்கவில்லை என்பது உறைத்தது.

சரி, அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டீர்கள் இல்லையா. 'தி லைஃப் ஆஃப் ஓஹாரு' பாருங்கள். மிசோகுச்சியின் மிக நல்ல படம். அதிலும் தனகாதான்.