யாரையும் தெரியாத ஊரில் ஒரு லேத் பட்டறை

கேள்வி: வெளியிலிருந்து பிழைக்க வந்த ஒரு லேத் தொழிலாளி, கையில் முதலும் ஆள் பழக்கமும் இல்லாமல், சென்னையில் சொந்தமாக உலோக உதிரிபாகத் தொழில் தொடங்கி நிலைக்க முடியுமா?

முடியும். என் அப்பா அப்படித்தான் நிலைத்தார். அவர் தொடங்கிய பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். ஆனால் "முதல் இல்லை" என்பதைவிட "ஆள் பழக்கம் இல்லை" என்பதுதான் பெரிய தடை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 22. தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரங்கூனுக்கு மூட்டை சுமக்கப் போனவர். அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். ஆற்றங்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் 15 வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, கூட்டிப் பெருக்கி, பிறகு லேத் பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1962இல் பர்மாவின் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் வரிசையாக அரசுடைமை ஆயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது பெரும்பாலும் அந்த நோட்டுகளாகவே இருந்தது. கப்பலேறும்போது குடும்பத்திடம் மிஞ்சியது துணிமூட்டையும் சில பாத்திரங்களும்தான்.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய பகுதியில் ஒரு குடிசை கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை. வேலை இல்லாமலா? பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் சந்துக்குச் சந்து பட்டறை. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உன்னைத் தெரிந்தவர் யார்?" பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. லேத் என்பது விலையுயர்ந்த இயந்திரம். தெரியாதவன் கையில் கொடுத்தால் உருப்படியைக் கவ்வும் 'சக்கு' என்ற பிடியை உடைப்பான், கியரைச் சிதைப்பான், தன் விரலையும் இழப்பான். ஆனால் நேற்றுக் கப்பலில் வந்தவனுக்கு யார் ஜாமீன் சொல்வார்கள்?

ராயபுரத்தில் ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "தம்பி, சதுர மரை வெட்டுவாயா?" ஒரு கம்பியைத் தூக்கிக் கொடுத்தார். சாதாரண 'வி' மரையை ஓரளவு தெரிந்தவனும் வெட்டிவிடுவான். சதுர மரைக்கு டூலை, அதாவது வெட்டும் உளியை, மரையின் சாய்வுக் கோணத்துக்குச் சரியாகத் தீட்ட வேண்டும். இல்லையென்றால் டூலின் பக்கவாட்டு உரசி மரையின் சுவர் கிழிந்துவிடும். அப்பா ஒரு மணி நேரம் டூல் தீட்டினாராம். வெட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரியவர் நட்டைக் கையால் சுழற்றிப் பார்த்தார். அது ஆட்டமில்லாமல், தடையில்லாமல் ஓடியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். அங்கே அப்பா ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார்.

என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான். ஊரில் சொந்தக்காரனும் சாதிக்காரனும் சொல்ல வேண்டிய ஜாமீனை, பிழைக்க வந்தவனுக்கு அவன் கையிலிருந்து இறங்கும் உருப்படிதான் சொல்ல வேண்டும். அதனால் அவன் அளவு தவறுவது மற்றவன் தவறுவதைப்போல அல்ல.

1974இல் சொந்தமாகத் தொடங்கினார். ஏலத்தில் வந்த ஆறடி லேத் அது. பெல்ட்டில் ஓடும் பழைய ரகம். யாரும் சீந்தாததால் இரும்பு விலைக்கு மிக அருகில் கிடைத்தது. காரணம், டூலைத் தாங்கும் பகுதி நகர்ந்து போகும் அடித்தளமான பெட் தேய்ந்திருந்தது. பொதுவாக லேத்தில் ஏறும் உருப்படிகள் குட்டையானவை என்பதால், சக்குக்கு அருகில்தான் பெட் அதிகமாகத் தேயும். அப்படித் தேய்ந்த லேத்தில் கடைந்தால் தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். புதிதாகத் தேய்க்கக் கொடுக்கப் பணம் இல்லை. அப்பாவே கையால் ஸ்கிரேப் செய்தார். நேர்மட்டப் பட்டையில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவிப் பெட்டின் மேல் இழுப்பார். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்தப் புள்ளிகளைத் தட்டை ஸ்கிரேப்பரால் சீவுவார். மறுபடி தடவி, மறுபடி இழுத்து, மறுபடி சீவுவார். ஒவ்வொரு முறையும் மயிரிழைக்கும் குறைவாகத்தான் உலோகம் போகும். பகலில் ராயபுரத்தில் வேலை, இரவில் குடிசை ஓரத்துக் கொட்டகையில் அரிக்கேன் விளக்கில் இது. மூன்று மாதம் பிடித்தது. அந்த லேத் இன்றும் எங்களிடம் ஓடுகிறது. புதிதாக வரும் பையன்களை நான் முதலில் அதில்தான் நிறுத்துகிறேன்.

முதல் வாடிக்கையாளர்கள் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள். படகின் புரொப்பல்லர் தண்டு உப்பு நீரில் அரிக்கும், மணல் உரசித் தேயும். தண்டைத் தாங்கும் உறையான புஷ் போய்விட்டால் படகே நடுங்கும். அவர்களுக்குக் காகிதம், பில், டெண்டர் எதுவும் தேவையில்லை. காலையில் கொடுத்தால் மாலையில் வேண்டும், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய கம்பெனி வாசலில் தவம் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. துறைமுகம், அரிசி ஆலை, லாரி பழுது பார்ப்பவர்கள், பம்பு செட்டு கடைகள் என்று உடனே பணம் கொடுக்கிற வேலை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடக்கிறது. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. பெரும்பாலான படகுகள் பழுது பார்ப்புக்குக் கரையேறுவது அப்போதுதான். மார்ச் மாதத்திலேயே படகு உரிமையாளர்களைப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு பெரிய சறுக்கலையும் சொல்ல வேண்டும். 1978 கோடையில் பம்பு செய்யும் ஒருவர், அவருடைய இரும்பையே கொடுத்து, 24 தண்டுகள் கடையச் சொன்னார். பேரிங் உட்காரும் இடம் 60 மில்லிமீட்டர். அவசர வேலை. இயந்திரத்திலிருந்து இறங்கிய சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, அளவு சரி என்று அப்பா அடுக்கிவிட்டார். எஃகு சூடேறினால் விரியும். ஒரு டிகிரிக்கு, நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு. 60 மில்லிமீட்டர் தண்டு 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு, அதாவது 0.02, பருத்துக் காட்டும். ஆறியதும் அந்த 0.02 குறைந்துவிடும். பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டிய இடத்தில் அது தளர்ந்து சுழலும். மறுநாள் காலையில் தற்செயலாக ஒன்றை எடுத்து அளந்தபோதுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அனுப்பியிருந்தால் நான்கைந்து மாதம் கழித்து எங்கோ ஒரு கிணற்றடியில் பம்பு நின்றிருக்கும். யார் தவறு என்று எவரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை.

அப்பா ஒரு தண்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னார். அவர் பாராட்டவில்லை. திட்டினார். இரும்பு விலை முழுவதையும் கூலியில் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் கஞ்சிதான் என்று அம்மா சொல்வார். ஆனால் அடுத்த சரக்கைப் பரிசோதிக்க அவர் ஆள் அனுப்பவில்லை. அதற்கடுத்த சரக்குக்கும் அனுப்பவில்லை. 1981இல் இரண்டாவது லேத்துக்கு வங்கி இரண்டு ஜாமீன் கேட்டபோது, ஒரு கையெழுத்து பர்மா பஜாரில் கடை வைத்திருந்த அப்பாவின் கப்பல் கூட்டாளி போட்டது. இன்னொன்று இந்தப் பம்புக்காரர் போட்டது. அப்பா கேட்கவே கூச்சப்பட்டார். பம்புக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு தானே வங்கிக்கு வந்தார்.

அதன் பிறகு வளர்ந்த கதை எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவானதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களிடமிருந்து எங்களுக்கும் வேலை வந்தது. 2003இல் கணினி ஓட்டும் முதல் சிஎன்சி இயந்திரம். இப்போது மாதவரம் பக்கத்தில் ஆறு சிஎன்சி, 34 பேர்.

என் தலைமுறையில் நான் பட்ட அடி வேறு வகை. ஒரு பெரிய நிறுவனத்தின் வேலை எங்கள் மொத்த வேலையில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர்கள் 14 மாதம் பணத்தை இழுத்தடித்தார்கள். சம்பளம் கொடுக்க மனைவியின் நகை அடகுக்குப் போனது. ஒரே வாடிக்கையாளருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். கூடவே, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதல் நாளிலேயே செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் கிடக்கும் தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. என் பில்லிலேயே பதிவு எண்ணை அச்சடித்த பிறகு பணம் வரும் வேகம் மாறியிருக்கிறது. ஜாமீன் சொல்ல ஆள் இல்லையென்றால், அரசு உத்தரவாதத்தில் பிணையில்லாக் கடன் கொடுக்கும் திட்டமும் 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அப்பா காலத்தில் அது இல்லை. வங்கி மேலாளர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வடசென்னையில் இடம் பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் தரையை இரண்டரை அடி உயர்த்தினோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதையும் தாண்டி நீர் வந்தது. நீரில் மூழ்கிய லேத்தை எக்காரணத்தைக் கொண்டும் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் சக்கைச் சுழற்றும் கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் எண்ணெயை வடித்து, டீசலால் கழுவி, பெட்டைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். மோட்டாரைக் கழற்றி முழுக்கக் காயவைத்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். இரண்டே நாளில் பெட்டில் துரு குழி பறிக்கத் தொடங்கிவிடும். நாங்கள் கழுத்தளவு களைப்பில் மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் இதைத்தான் செய்தோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து எங்களிடம் வேலை செய்யும் பையன்கள் ஒருவரும் நகரவில்லை. அவர்களில் ஒருவர், கஞ்சம் மாவட்டத்துக்காரர், எங்கள் பட்டறையிலேயே மிக நேர்த்தியான கை. அவரும் இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருக்காகப் போன மாதம் மூன்று பழைய லேத்துகளைப் பார்க்கப் போனோம். உங்களுக்கும் அதே முறையைச் சொல்கிறேன். பெயிண்டைப் பார்க்காதீர்கள், பழைய இயந்திரத்தை விற்பவர் முதலில் செய்வதே பெயிண்ட் அடிப்பதுதான். நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் இண்டிகேட்டரை எடுத்துச் சென்று, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் தண்டின் ஆட்டத்தைப் பாருங்கள். பிறகு ஒரு தடித்த கம்பியை 200 மில்லிமீட்டர் வெளியே நீட்டிச் சக்கில் பிடித்து, மறுமுனையில் தாங்கும் முனை (சென்டர்) கொடுக்காமல், மெல்லியதாக ஒரு வெட்டு ஓட்டுங்கள். ஆறவிட்டு இரு முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தால், பெட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஹெட்ஸ்டாக் நேர் விலகியிருக்கலாம். முதல் இரண்டு லேத்தும் அதில் தேறவில்லை. மூன்றாவது இடத்தில் மின் இணைப்பு இல்லை, அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், விலையைக் குறைக்கிறேன் என்றார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.